வியாழக்கிழமை மாலைக்குள் இரண்டு ஜாமீன்தாரர்கள்

ஃபெல்லோஷிப் தேர்வுக்கான வீடியோ கூட்டத்தில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, பேசுவது விண்ணப்பதாரரா, அவருடைய அம்மாவா என்பது. கேட்ட பெண்ணுக்கு முப்பது வயது இருக்கலாம். விண்ணப்பதாரர்தான் என்றேன். அவர் மன்னிப்புக் கேட்டார். அன்றைய டைரியில் இது மட்டும்தான் இருக்கிறது; மற்றக் கேள்விகளை எழுதிவைக்கத் தோன்றவில்லை.

அறிவிப்பில் வயது வரம்பு எதுவும் இல்லை. வழக்கறிஞராகப் பதிவுசெய்து ஐந்தாண்டுக்குள் இருக்க வேண்டும். குடிமை உரிமை சார்ந்த வழக்குகளில் ஓராண்டு முழு நேரம் வேலை செய்ய வேண்டும். ஒரு சீனியரின் அலுவலகத்தில் இணைந்திருக்க வேண்டும். மாதம்தோறும் அறிக்கை அனுப்ப வேண்டும். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது; பதிவுசெய்து இரண்டரை ஆண்டு. அதற்கு முன் பதினேழு ஆண்டு ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் வருகைப் பதிவேடும் மாற்றுச் சான்றிதழும் எழுதிக்கொண்டிருந்தேன். மகள் கல்லூரிக்குப் போன ஆண்டு நானும் சட்டக் கல்லூரியில் சேர்ந்தேன். கேளம்பாக்கம் வரை பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ, மூன்று ஆண்டு.

என்னோடு தேர்வான மற்ற எட்டுப் பேரும் இருபத்தைந்தைத் தாண்டாதவர்கள். பயிற்சிக்குக் கூடியபோது முதல் நாள் என்னை ஆன்ட்டி என்றார்கள், இரண்டாம் நாள் அக்கா என்றார்கள். என் சீனியர் என்னைவிட எட்டு வயது இளையவர். அவர் என்னை மேடம் என்பார், நான் அவரை சார் என்பேன். செங்கல்பட்டு நீதிமன்றத்துக்கு எதிர்ச் சாரியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே அவருடைய அலுவலகம். காலை ஏழு ஐம்பதுக்கு அணுபுரத்தில் பஸ் ஏறினால் திருக்கழுக்குன்றம் வழியாக ஒன்பதுக்குள் அங்கே இருப்பேன்.

குடிமை உரிமை என்ற சொல்லை அந்த ஓராண்டில் நீதிமன்றத்தில் நான் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அதிகம் சொன்னது, "ஒரு வாரம் வாய்தா வேணும் ஐயா" என்பதுதான். மற்ற நேரமெல்லாம் காத்திருப்பு. நகல் பிரிவில், கிளைச் சிறை வாசலில், நீதிமன்றத் தாழ்வாரத்தில். காத்திருப்பதற்கு இவ்வளவு களைப்பு வரும் என்று பள்ளி அலுவலகத்தில் இருந்தபோது எனக்குத் தெரியாது. அங்கே உட்கார நாற்காலி இருந்தது.

ஏழாவது மாதம் ஷேர் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் வழக்கு வந்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு காலனி அவருடைய ஊர். காலனியிலிருந்து கடற்கரைக்குப் போகும் பாதையைப் புதிதாக வந்த ஒரு விடுதிக்காரர் முள்கம்பி போட்டு அடைத்துவிட்டார். ஊர் கூடிக் கம்பங்களைப் பிடுங்கியது. தள்ளுமுள்ளில் விடுதிக்காரரின் ஜே.சி.பி.யின் கண்ணாடி உடைந்தது, ஒரு காவலருக்குக் கையில் அடி. எஃப்.ஐ.ஆரில் பெயர் போட்டது இவர் ஒருவரைத்தான்; அவருடைய ஆட்டோவில்தான் ஆட்கள் வந்து இறங்கினார்கள் என்பது காரணம். பெயருக்குப் பின்னால் "மற்றும் பலர்" என்று எழுதியிருந்தது. இரண்டு முறை ஜாமீன் மனு போட்டோம். விசாரணை முடியவில்லை, மற்றவர்களை இன்னும் பிடிக்கவில்லை என்று சொல்லப்பட்டு இரண்டும் தள்ளுபடியாகின.

மிச்சம் இருந்தது ஒரு வழிதான். இந்த மாதிரி வழக்கில் அறுபது நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், கேட்கிறவருக்கு ஜாமீன் கொடுத்தாக வேண்டும். குற்றம் செய்தாரா இல்லையா என்ற பேச்சே அங்கே கிடையாது. நாள் கணக்கு மட்டும்தான். ஆனால் குற்றப்பத்திரிகை வருவதற்கு முன் நாம் கேட்டுவிட வேண்டும். நான் ரிமாண்டு நாளை ஒன்று என்று வைத்து டைரியின் மூலையில் தினமும் எண் போட்டு வந்தேன். அறுபது ஒரு ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. திங்கள் காலை பத்து இருபதுக்கு நானும் சீனியரும் மனுவோடு நின்றோம். குற்றப்பத்திரிகை வந்திருக்கவில்லை. மனுவில் நேரத்தோடு முத்திரை வாங்கினேன்.

மதியம் மாஜிஸ்ட்ரேட் ஜாமீன் கொடுத்தார். சொத்துச் சான்று அல்லது சம்பளச் சான்று உள்ள இரண்டு ஜாமீன்தாரர்கள் வியாழக்கிழமை மாலைக்குள் வந்து கையெழுத்திட்டு, நீதிமன்றம் அவர்களை ஏற்க வேண்டும். இல்லாவிட்டால் உத்தரவு செல்லாது. அப்படிக் கெடு தவறி, குற்றப்பத்திரிகையும் வந்துவிட்டிருந்தால் மறுபடி முதலிலிருந்து. போலீஸ் தரப்பில் இரண்டொரு நாளில் தாக்கல் செய்துவிடுவோம் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள்.

ஓட்டுநரின் மனைவி தாழ்வாரத்தில் நின்றிருந்தார். கேளம்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஓர் ஐ.டி. அலுவலகத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை. சீருடையின் மேல் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். உத்தரவை விளக்கிச் சொன்னேன்.

"ரெண்டு ஷூரிட்டியா? ஒண்ணு எங்கண்ணன் கீறாரு. அவரு பேர்லதான் வூடு. இன்னொண்ணுக்கு எங்க மேடம் போறது?"

"காலனியில யார் பேர்லயாவது வீட்டு வரி ரசீது இருக்கும்ல?"

"இருக்கும். செத்துப்போன மாமனாருங்க பேர்ல எல்லாம் இருக்கும். உசுரோட கீறவங்க பேர்ல நாலு வூடு. நாலு பேரும் அன்னிக்கிக் கம்பி புடுங்கனவங்க. கோர்ட்டாண்ட வந்தா, வாப்பா நீதான் அந்த மற்றும் பலரான்னு கேக்க மாட்டானா?"

அந்த இரண்டு சொல்லை எஃப்.ஐ.ஆரில் பலமுறை படித்திருக்கிறேன். அது ஒரு ஊரையே நீதிமன்றத்துக்கு வரவிடாமல் செய்யும் என்பது அப்போதுதான் உறைத்தது.

வக்கீல் தன் கட்சிக்காரருக்கு ஜாமீன் நிற்கக் கூடாது. அது விதி. வக்கீலின் கணவர் நிற்கக் கூடாது என்று எங்கும் எழுதியில்லை. திங்கள் இரவே தேடிப் பார்த்துவிட்டேன். என் கணவர் மத்திய அரசு ஊழியர்; சம்பளச் சான்று ஒன்று போதும். செவ்வாய் மாலை அவர் வேலையிலிருந்து வந்து சட்டையைக்கூட மாற்றாமல் பால்கனியில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் எதிர் பிளாக்கில் காயப்போட்டிருந்த துணிகளைப் பார்த்தார்.

"உனக்காக எத்தன பேப்பர்ல வேணாலும் கையெழுத்துப் போடறேன். இது வேண்டாம்."

"ஆபீஸ்ல பர்மிஷன் கேட்டுப் பாருங்களேன்."

"கேட்டாலே ஒரு ஃபைல் ஓப்பன் ஆயிடும். போராட்டக் கேஸு, போலீஸ்காரருக்கு அடி. இந்த ஆளுக்கும் உனக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பாங்க. நான் என்ன எழுத?"

"நான்தான் சம்பந்தம்."

"அதத்தான் எழுத முடியாதுங்கறேன்." பிறகு, "கோவமா?" என்றார்.

"இல்ல. பர்மிஷன் வர எப்படியும் மூணு நாளுக்கு மேல ஆகும்."

"அப்ப எதுக்குக் கேட்ட?"

எதற்குக் கேட்டேன் என்று எனக்கும் தெரியவில்லை. அவர் மறுத்ததில் எனக்கு ஓரளவு நிம்மதி இருந்தது என்பதையும் எழுத வேண்டும். அவர் எழுந்து போய்த் தோசைக்குச் சட்னி அரைத்தார்.

எட்டரை மணிக்கு ஓட்டுநரின் மனைவி போன் செய்தார். இரண்டாவது ஆள் கிடைத்துவிட்டது. அவருடைய அலுவலகத்தில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர், கணவரை இழந்தவர், கேளம்பாக்கத்துக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் சொந்தப் பெயரில் வீடு. புதன்கிழமை அவருக்கு வார விடுமுறை.

புதன் மதியம் இரண்டு இருபதுக்கு மூன்று பேரும் ஜெராக்ஸ் கடை வாசலுக்கு வந்துவிட்டார்கள். அண்ணன் ஓரமாக நின்றார். சூப்பர்வைசருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வந்ததும் வராததுமாக என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதான் வக்கீலம்மாவா? சின்னப் பொண்ணுன்னு நெனச்சேன். புதுசா வந்த வக்கீலுன்னா இவ."

"புதுசுதான்," என்றேன்.

"இவளுக்காக ஒண்ணும் வரல மேடம். இவ கொண்டாற மீன் கொழம்புக்காக வந்தேன். ரெண்டு மாசமா புருசன் உள்ள போனதுலருந்து தயிர் சோறுதான் எடுத்தாறா. எனக்கு நாக்கு செத்துப் போச்சு."

ஓட்டுநரின் மனைவி சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சூப்பர்வைசர் பிளாஸ்டிக் கவரிலிருந்து ஆதார் அட்டையையும் வீட்டு வரி ரசீதையும் எடுத்துக் கொடுத்தார். பெயர், முகவரி, கதவு எண் எல்லாம் சரியாக இருந்தன. ரசீது போன ஆண்டுடையது.

பதினேழு ஆண்டு நான் பள்ளி அலுவலகத்தில் செய்த வேலை இது. நடப்பு ஆண்டுச் சான்று இல்லாமல் ஒரு விண்ணப்பத்தைக்கூட உள்ளே அனுப்பியதில்லை. பெற்றோர்கள் கெஞ்சுவார்கள், திட்டுவார்கள். வாங்கி வாருங்கள் என்பேன். ஒரு ஃபைலும் என்னிடமிருந்து போய்த் திரும்பி வந்தது கிடையாது.

"இது போன வருஷ ரசீது," என்றேன். "இந்த வருஷத்துது வேணும்."

"இன்னா மேடம், வூடு அதே வூடுதான? போன வருசம் இருந்த வூடு இந்த வருசம் எழுந்து நடந்தா பூட்ச்சி?"

"உள்ள கொண்டுபோய் அவங்க திருப்பிட்டாங்கன்னா, ஒரு தடவ திருப்பின ஷூரிட்டின்னு பேர் ஆயிடும். இப்பவே கட்டி ரசீது வாங்கிட்டா நாளைக்கு ஒரே தடவையில முடிஞ்சிடும்."

"நாளிக்கி எனக்கு ஷிஃப்டு கீதே. பர்மிசன் போட்டாலும் ஒண்ணரைக்குத்தான் வுடுவான்."

"மூணு மணிக்கு வந்தாக்கூடப் போதும். அஞ்சே முக்கால் வரைக்கும் டைம் இருக்கு."

ஓட்டுநரின் மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதவே குடுத்துப் பாக்க முடியாதா மேடம்?" என்று ஒரு முறை கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். வேண்டாம் என்றேன். சீனியர் அன்று சென்னையில் உயர் நீதிமன்றத்தில் இருந்தார். அவருக்குப் போன் செய்து கேட்டிருக்கலாம். எனக்குச் சந்தேகமே இல்லாதபோது எதைக் கேட்பது? மூவரும் இரண்டு நாற்பத்தைந்துக்கு பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தார்கள்.

நான் வேறொரு வழக்கின் வாய்தா தேதியைக் குறித்துக்கொள்ள நீதிமன்றத்துக்குள் போனேன். நான்கு மணிக்கு, ஒரு குமாஸ்தா இரண்டு ஜாமீன்தாரர்களைக் கூட்டிவந்து பெஞ்ச் கிளார்க்கிடம் காகிதங்களைக் கொடுத்தார். நான் மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். மேலே இருந்த வீட்டு வரி ரசீது மூன்று ஆண்டு பழையது. மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. பெஞ்ச் கிளார்க் பெயரைப் பார்த்தார், ஆதாரோடு ஒத்துப் பார்த்தார், உள்ளே அனுப்பிவிட்டார்.

"சார், ரசீது பழசா இருந்தா பரவாயில்லையா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார். "சொத்து அவங்க பேர்ல கீதான்னுதான் மேடம் பாக்கறது. வரி பாக்கியப் பாக்க நாங்க இன்னா பஞ்சாயத்து ஆபீஸா?"

வெளியே வந்து போன் செய்தேன். பஸ் திருப்போரூரைத் தாண்டிவிட்டது. திரும்பி வந்து சேர ஆறு மணி ஆகிவிடும்.

"பழைய ரசீதே போதும்னு சொல்றாங்க," என்றேன். "வரி கட்டப் போக வேண்டாம். நாளைக்கு மூணு மணிக்கு வந்துடுங்க."

"யாரு சொல்றாங்க?"

"கிளார்க்."

"சரி மேடம்," என்றார் ஓட்டுநரின் மனைவி. பஸ் சத்தத்தில் அவர் குரலிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியவில்லை.

வியாழக்கிழமை குற்றப்பத்திரிகை பகல் பன்னிரண்டு மணிக்கு வந்தது. அதனால் மட்டும் உத்தரவு செல்லாமல் போய்விடாது. கெடு மாலை வரை இருந்தது. இரண்டு ஐம்பதுக்கு மாஜிஸ்ட்ரேட்டுக்கு ஒரு செய்தி வந்தது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தீக்காயப் பிரிவில் ஒரு பெண்; மரண வாக்குமூலம் எடுக்க வேண்டும். அவர் உடனே எழுந்து போனார். மூன்று பத்துக்கு சூப்பர்வைசர் மூச்சுவாங்க வந்து சேர்ந்தார். அண்ணன் பத்து மணிக்கே வந்து தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார்.

காத்திருந்தோம். நான்கு, நான்கரை. ஓட்டுநரின் மனைவி ஒவ்வொரு கார் சத்தத்துக்கும் எட்டிப் பார்த்தார். சூப்பர்வைசர், "பாவம், யாரு பெத்த பொண்ணோ," என்றார். பிறகு, "ஜட்ஜையா சீக்கிரம் வரணும்னு வேண்டிக்கவும் முடியல பாரு. அவரு சீக்கிரம் வந்தாருன்னா அது பேசறதுக்குள்ள செத்துப்போச்சுன்னு அர்த்தம்," என்றார். ஜாமீன்தாரர்கள் நேரில் வந்து காத்திருக்கிறார்கள் என்று ஒரு மெமோ எழுதி ஐந்து மணிக்குப் பெஞ்ச் கிளார்க்கிடம் கொடுத்தேன். அவர் வாங்கி முத்திரை வைத்தார். ஐந்தே முக்காலுக்குக் கதவைச் சாத்தினார்கள். மாஜிஸ்ட்ரேட் வரவில்லை.

வெள்ளி காலை சீனியர் வந்து அரை மணி நேரம் வாதாடினார். மாஜிஸ்ட்ரேட் பொறுமையாகக் கேட்டார். அவர் கண்கள் சிவந்திருந்தன. ஜாமீன்தாரர்கள் வந்து நின்றது போதாது, ஏற்கப்பட்டிருக்க வேண்டும். கெடு முடிந்தது, குற்றப்பத்திரிகையும் வந்துவிட்டது. வேறு ஜாமீன் மனு போட்டுக்கொள்ளலாம் என்றார். மேல்முறையீட்டுக்குப் போனால் புது மனுவைவிட அதிக நாளாகும் என்றார் சீனியர்.

அவரிடம் புதன்கிழமை நடந்ததைச் சொன்னேன். படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தவர் நின்றார். "எனக்கு ஒரு போன் அடிச்சிருக்கலாமே மேடம்," என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

ஓட்டுநரின் மனைவி நீதிமன்ற வாசலில் புளியமரத்தடியில் நின்றிருந்தார். அவருக்கு எல்லாம் மருத்துவமனையால் நடந்தது என்றுதான் தெரியும். சூப்பர்வைசரும் அப்படித்தான் நினைத்திருந்தார். புது மனு, செஷன்ஸ் கோர்ட், எத்தனை நாளாகும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, புதன்கிழமை நான்கு மணிக்குப் பார்த்ததையும் சொன்னேன்.

"அப்ப புதன்கெழமையே முடிஞ்சிருக்குமா?"

"ஆமா."

"அந்த ரசீதுக்கே?"

"ஆமா. நான் திருப்பி அனுப்பினது தப்பு."

அவர் துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றி அவிழ்த்தார். மறுபடி சுற்றினார்.

"இத நீங்க சொல்லாமயே இருந்திருக்கலாம் மேடம். அந்தப் பொண்ணு நெருப்பு வச்சிகினதால வந்துதுன்னு நெனச்சிகினு போயிருப்பேன். இப்ப ஒங்கள திட்டணும். ஒங்கள திட்டிட்டு கேஸுக்கு எங்க போவேன்? வேற வக்கீலு கீறானா எனக்கு?"

"திட்டுங்க. கேஸு நான்தான் பாப்பேன்."

"ஆங், பாருங்க, பாருங்க," என்றார். பிறகு மணி பார்த்தார். இரண்டு மணி ஷிஃப்ட்டுக்குப் போக வேண்டும். போய்விட்டார்.

அந்த மாத அறிக்கையில் இதை ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். எந்தத் தேதியில் என்ன செய்தேன், என்ன செய்திருக்க வேண்டும் என்று. ஃபெல்லோஷிப் ஒருங்கிணைப்பாளர் போன் செய்தார். தேர்வின்போது நான் அம்மாவா என்று கேட்ட அதே பெண்.

"அக்கா, இவ்ளோ பர்சனலா வேண்டாமே. நடைமுறைத் தாமதத்தால் ஜாமீன் பலனளிக்கவில்லைன்னு போட்டுடலாம். உண்மையும் அதானே?"

"அதுவும் உண்மைதான்."

"அப்பறம் என்னக்கா?"

"அதுல நான் இல்லையே."

அவர் சிரித்தார். அன்பான பெண். யார் குற்றமும் இல்லாமல் சட்டம் எப்படிப் பொய்த்துப்போகிறது என்று காட்டத்தான் இந்த அறிக்கைகளே என்றார். அவர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. வாதாடும் தெம்பு எனக்கு இல்லை. உங்கள் படிவத்தில் எப்படி வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், நான் அனுப்பியதைத் திருத்த மாட்டேன் என்றேன். கடைசியில் என்ன போட்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

செஷன்ஸ் நீதிமன்றத்தில் மனு இரண்டு முறை தள்ளிப்போனது. ஒரு திங்கட்கிழமை ஜாமீன் கிடைத்தது. புதன்கிழமை அதே இரண்டு ஜாமீன்தாரர்கள் வந்தார்கள். சூப்பர்வைசர் என்னிடம் பேசவில்லை. காகிதக் கவரை நீட்டிவிட்டு அண்ணன் பக்கம் திரும்பிக்கொண்டார். விடுதலை உத்தரவை ஐந்து மணிக்கு வாங்கி கிளைச் சிறைக்கு நானே கொண்டுபோனேன். ரிமாண்டு ஆன எண்பத்து நான்காம் நாள். அந்தப் புதன்கிழமையிலிருந்து இருபத்தொரு நாள் என் கணக்கில்.

ஆறே காலுக்கு ஓட்டுநர் வெளியே வந்தார். பிடித்துப் போனபோது போட்டிருந்த காக்கிச் சட்டையே. தோளில் தொளதொளவென்று இருந்தது. மனைவியைப் பார்த்து, "புள்ள எங்க?" என்றார். ட்யூஷனுக்குப் போயிருக்கிறாள் என்றார் மனைவி. "இன்னிக்கிக்கூடவா?" என்றார் அவர். "பின்ன, நீ வர்றன்னு ஊருக்கு லீவு வுடணுமா?"

பிறகு அவர் என் பக்கம் வந்தார்.

"வூட்ல சொன்னா மேடம். ரசீது சமாச்சாரம்."

தலையாட்டினேன்.

"பரவால்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. உள்ள ஒவ்வொரு நாளும் பேஜாரு மேடம். ஒவ்வொரு நாளும்." பிறகு, "அடுத்த வாய்தாவுக்கு நீங்கதான வருவீங்க?" என்றார்.

"வருவேன்."

"தேதி எழுதிக் குடுங்க. இவ மறந்துடுவா."

"யாரு, நானா மறக்கறவ?" என்றார் மனைவி.

தேதியை எழுதிக் கொடுத்தேன். அவர்கள் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். நான் இன்னொரு பக்கமாகப் போய் அணுபுரம் பஸ்ஸுக்கு நின்றேன்.

ஃபெல்லோஷிப் அதற்குப் பிறகு மூன்று மாதத்தில் முடிந்தது. இளையவர்கள் ஐந்து பேர் பெரிய ஊர்களுக்குப் போய்விட்டார்கள். நான் அதே சீனியரின் அலுவலகத்திலேயே இருக்கிறேன். என்னால் வேறெங்கும் போக முடியாது, போகவும் விருப்பமில்லை. ஆட்டோ ஓட்டுநரின் வழக்கு நடக்கிறது. பாதையில் கம்பி மறுபடியும் போட்டாயிற்று. அதற்கு ஒரு தனி வழக்கு, அது வேறு நீதிமன்றத்தில்.

நேற்று ஏழாவது வாய்தா. பத்தரைக்கு அவரும் மனைவியும் வந்தார்கள். இப்போதெல்லாம் அந்த அம்மாள் வணக்கம் சொல்வதில்லை. வந்ததும் என் பைக்குப் பக்கத்தில் தன் பையை வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். நாங்கள் மூவரும் தாழ்வாரத்தில் பன்னிரண்டே கால் வரை உட்கார்ந்திருந்தோம். பெயர் கூப்பிட்டார்கள். போலீஸ் சாட்சி வரவில்லை. மாஜிஸ்ட்ரேட் என்னைப் பார்த்தார்.

"எங்க தரப்பு தயார், ஐயா," என்றேன்.

அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தார்.